பேஸ் வாசிப்பவருக்கு இன்னொரு கருவி மேல் ஆசை வந்தால்

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேஸ் கிட்டார் வாசிக்கிறீர்கள். பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை ஒரு ஸ்வரம் தவறவில்லை. வெளியே வந்ததும் வீட்டில் உள்ளவர் கேட்கிறார்: "என்ன பாட்டு வாசித்தாய்?" பேஸ் பழகுகிற எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. பாட்டைத் தாங்கி நிற்பது பேஸ்தான். ஆனால் அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு தெரிவதில்லை. வேறு கருவிகள் மேல் நமக்கு வரும் ஆசையில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

ஆசைப்படுவதில் தவறே இல்லை. பேஸின் வரலாறே கருவி மாறி வந்தவர்களின் வரலாறு. பால் மெக்கார்ட்னி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர் விலகியதால் 1961-இல் அந்த இடத்துக்கு வந்தார். ஒலிப்பதிவுகளுக்குக் கிட்டார் வாசித்துவந்த கரோல் கே, 1963-இல் ஒருநாள் பேஸ் கலைஞர் வராமல் போகவே பேஸை எடுத்தார். ஜேக்கோ பாஸ்டோரியஸ் சிறுவயதில் டிரம்ஸ் வாசித்தவர். மணிக்கட்டில் பட்ட காயம் அவரை பேஸ் பக்கம் திருப்பியது. சார்லஸ் மிங்கஸ் செல்லோவிலிருந்து, தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய டபுள் பேஸுக்கு வந்தார். 1963-இல் தனியாகப் பியானோ மட்டும் வாசித்து ஓர் இசைத்தட்டையே பதிவு செய்தார். இந்தப் பாதையில் போக்கும் உண்டு, வரவும் உண்டு.

ஆனால் வரிசை தப்பினால் பணமும் போகும், ஆசையும் கருகும். எனக்கு இரண்டும் நடந்திருக்கின்றன. இரண்டாவது கருவியைத் தேடும் புதியவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்லும் வரிசை இது.

ஆசையின் வேரைக் கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இப்படி எழுதுங்கள்: "பேஸை வைத்து என்னால் ______ முடியவில்லை." கோடிட்ட இடத்தில் ஒரு செயல் வர வேண்டும். 'ஒரு பாட்டைத் தனியாக முழுதாக வாசிக்க', 'பாடுகிறவருக்குத் துணையாக வாசிக்க', 'மனதில் இருக்கும் மெட்டுக்குக் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) போட்டுப் பார்க்க' என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தச் செயல் தெளிவாகிவிட்டால், எந்தக் கருவி என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கோடிட்ட இடம் நிரம்பாமலே இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இன்னொரு கேள்வி இருக்கிறது: கடந்த மூன்று மாதங்களில் பேஸில் புதிதாக என்ன பாட்டு கற்றீர்கள்? பதில் 'ஒன்றுமில்லை' என்றால், நீங்கள் தேடுவது புதிய கருவியை அல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்வேன். பயிற்சி தேங்கிப்போகும்போது கண் தானாகவே பக்கத்துக் கருவிக்குப் போகும். அங்கே முதல் வாரத்தில் எல்லாமே முன்னேற்றமாகத் தெரியும். ஆறாவது வாரத்தில் அதே தேக்கம் அங்கேயும் வந்து நிற்கும்.

தேக்கத்துக்கான மருந்து பேஸின் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்திகளை மாட்டிப் பாருங்கள். அதே கருவி வேறு குரலில் பேசும். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத பேஸை ஒருநாள் தொட்டுப் பாருங்கள். இத்தனை நாள் ஃப்ரெட்டுகள் உங்கள் சுருதியைக் காப்பாற்றிவந்தது எவ்வளவு என்று காது சொல்லிவிடும். ஐந்து தந்தி பேஸில் கூடுதலாக வரும் தாழ்ந்த 'பி' 30.9 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. வழக்கமான 'இ' தந்தி 41.2 ஹெர்ட்ஸ். ஒரு தந்தி கூடும்போது இடது கை நகராமலே எட்டும் ஸ்வரங்களும் கூடுகின்றன. மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டே, நான்கு தந்திகளில், ஒரு தலைமுறையின் காதையே மாற்றினார். கருவியில் இடம் தீர்ந்துவிட்டது என்று தோன்றும்போதெல்லாம் நான் அவர் வாசித்ததைத்தான் போட்டுக் கேட்பேன்.

இரவல் வாங்குங்கள்

'ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்' என்ற பழமொழியை நான் இந்த விஷயத்தில் அப்படியே நாட்கணக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவரிடம் இரவலாகவோ வாடகைக்கோ கருவியை வாங்கி, முப்பது நாள் வீட்டில் வையுங்கள். உறைக்குள் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வாசித்த நாளில் நாட்காட்டியில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் நிபந்தனை, இருபது நிமிடம் போதும்.

முப்பது நாளில் இருபது புள்ளிகூட விழவில்லை என்றால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மனக்குறை வேண்டாம். விழுந்திருந்தால் இன்னொரு முப்பது நாள். அறுபதாம் நாளும் கை தானாக அதைத் தேடிப் போனால் வாங்கலாம். இந்தக் கணக்கைக் கடந்து நான் வாங்கிய கருவிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கடக்காமல் வாங்கியவை ஒன்றுகூட இல்லை.

எதை எடுப்பது: என் பரிந்துரை கீபோர்டு

பெரும்பாலான பேஸ் வாசிப்பாளர்களுக்கு இரண்டாவது கருவி கீபோர்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பலருக்கு கிட்டார்தான் முதலில் தோன்றும்; அது பழக்கமான உருவம். ஆனால் நமக்குக் குறைவது தந்தி அல்ல. பேஸ் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்வரத்தைத்தான் சொல்கிறது. அந்த ஸ்வரத்தின் மேல் மற்றவர்கள் கட்டும் கார்டை நாம் கேட்கிறோமே தவிர, நம் கையால் கட்டியதில்லை. கீபோர்டில் இரண்டும் ஒரே இடத்தில் கண்முன் இருக்கும். இடது கையில் பேஸ், வலது கையில் கார்டு. டோர்ஸ் குழுவின் கீபோர்டு கலைஞர் ரே மன்சரக் 1960-களில், தனியாக பேஸ் கலைஞர் இல்லாத அந்தக் குழுவில், இடது கையால் ஒரு சிறிய பேஸ் கீபோர்டை வாசித்து மேடையில் அந்த இடத்தை நிரப்பியது இப்படித்தான்.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி. வலது கையில் சி-இ-ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது சி மேஜர். அதில் ஜி விரலை மட்டும் ஏ-க்கு நகர்த்தினால் சி-இ-ஏ. ஏ மைனர் வந்துவிட்டது. இ விரலை எஃப்-க்கு நகர்த்தினால் சி-எஃப்-ஏ, எஃப் மேஜர். அங்கிருந்து கை முழுவதும் சற்றே கீழே இறங்கி பி-டி-ஜி, ஜி மேஜர். நான்கு கார்டுகளுக்கும் கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கிறது. இடது கையில் முறையே சி, ஏ, எஃப், ஜி. மெதுவாக, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து.

இரண்டாம் வாரம் வலது கையில் சி-இ-ஜி-யை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையில் சி-க்குப் பதில் இ-யை அழுத்துங்கள். வலது கை மாறவில்லை. ஆனால் கார்டு தரையிலிருந்து பெயர்ந்து, அடுத்து எங்கோ போக வேண்டும் என்று தவிக்கும். பிறகு ஜி-யை அழுத்துங்கள், இன்னொரு தவிப்பு. இதை நான் புத்தகத்தில் பலமுறை படித்திருந்தேன். என் இரண்டு கைகளுக்கு நடுவே அது நடந்த அன்றுதான், மேடையில் நான் ஒரு ஸ்வரத்தை மாற்றினால் மற்றவர்களின் கார்டின் பொருளே மாறுகிறது என்பது எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு என் பேஸ் வாசிப்பு பழையபடி இல்லை.

வாங்கும்போது நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றனவா என்று பார்க்காதீர்கள். நல்ல பியானோ ஒலி ஒன்று போதும். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிற விசைகள் கட்டாயம் வேண்டும். மிதிகட்டையைச் செருகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 61 விசைகள் தொடக்கத்துக்குத் தாராளம். பியானோவே கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் மட்டும் கனமான 88 விசைகளுக்குப் போகலாம்.

கிட்டார்: தெரிந்தது போல இருக்கும்

கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளும் பேஸின் அதே இ, ஏ, டி, ஜி. ஒரு ஸ்தாயி மேலே, அவ்வளவுதான். இதனால் முதல் நாளே பாதி தெரிந்துவிட்டது போல இருக்கும். இந்த உணர்வு நல்லதுதான், ஆனால் மூன்று இடங்களில் கால் இடறும்.

ஒன்று, அளவு. பேஸில் தந்தியின் ஒலிக்கும் நீளம் பொதுவாக 34 அங்குலம், கிட்டாரில் 25.5 அங்குலம் அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. பேஸில் விரல்களைச் சற்றுப் படுக்கவைத்து மற்ற தந்திகளை அடக்கிப் பழகியிருப்போம். அதே விரல்கள் கிட்டாரில் பக்கத்துத் தந்தியின் வாயை அடைத்துவிடும். விரல் நுனி செங்குத்தாக இறங்க வேண்டும். கார்டைப் பிடித்து ஒவ்வொரு தந்தியாக மீட்டி, எது ஊமையாகிறது என்று கேட்டுத் திருத்துங்கள்.

இரண்டு, 'பி' தந்தி. மற்ற தந்திகளுக்கு இடையே ஐந்து ஃப்ரெட் தூரம் இருக்க, ஜி-க்கும் பி-க்கும் நடுவே மட்டும் நான்கு. பேஸில் மனப்பாடமான விரல் வடிவங்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும். கிட்டார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டன் போல எல்லாத் தந்திகளையும் ஒரே சீரான இடைவெளியில், இ-ஏ-டி-ஜி-சி-எஃப் என்று சுருதி சேர்த்து வாசிப்பவர்களும் உண்டு. நமக்கு அது இனிப்பாகத் தோன்றும். இருந்தாலும் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன்; பிறர் சொல்லித்தரும் எந்தக் கார்டும் உங்கள் கிட்டாரில் பொருந்தாமல் போகும்.

மூன்று, நம் பழக்கம். பேஸ் வாசித்தவர் கிட்டாரை எடுத்தால் கை தானாகவே அடித் தந்திகளுக்குப் போகும். குழுவில் வாசித்தால் அங்கே இருக்கும் பேஸ் கலைஞரின் காலை மிதிப்பது போல் ஆகும். முதல் மாதம் மேல் நான்கு தந்திகளில் மட்டும் கார்டு பிடித்துப் பழகுங்கள்.

ஒலிபெருக்கி பற்றி ஓர் எச்சரிக்கை. கிட்டாரை பேஸ் ஆம்பில் வாசிக்கலாம். மேல் ஒலிகள் கொஞ்சம் மங்கும், கெடுதல் ஒன்றுமில்லை. பேஸை கிட்டார் ஆம்பில் உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் பழுதாகக்கூடும். வீட்டில் ஓர் ஆம்ப்தான் வைத்திருக்க முடியும் என்றால் அது பேஸ் ஆம்பாக இருக்கட்டும்.

டிரம்ஸ், வாங்காமலே

டிரம்ஸ் கற்க முழுத் தொகுதி வேண்டியதில்லை. இரண்டு குச்சிகள், ஒரு பயிற்சித் தட்டு, உங்கள் பாதம். வலது பாதம் 1, 3 எண்ணிக்கைகளில் தரையைத் தட்டட்டும். இடது கை 2, 4-இல் தட்டை அடிக்கட்டும். வலது கை எட்டுப் பாதி எண்ணிக்கைகளையும் தொடையில் தட்டட்டும். பத்து நிமிடம் இதைத் தடுமாறாமல் செய்ய முடிந்தால், பேஸை எடுத்து அதே தாளத்துக்கு ஒரே ஸ்வரத்தை வாசியுங்கள். ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதில் நாம் காட்டும் கவனத்தை அது எங்கே முடிகிறது என்பதில் காட்டுவதில்லை. 2-ஆம் எண்ணிக்கையில் விழும் அடிக்குச் சரியாக முன்னால் பேஸ் ஸ்வரத்தை அடக்கினால் ஒரு துள்ளல் வரும். அடியைத் தாண்டி நீட்டினால் அதே வரி சாய்ந்து உட்காரும். இந்த வேறுபாட்டைக் கையால் அறிந்துகொள்வதற்காகவே டிரம்ஸைத் தொடலாம்.

மின்னணு டிரம்ஸ் சத்தமே போடாது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். மிதிகட்டையின் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும்.

டபுள் பேஸ்: பெரிய ஆசை

மின்சார பேஸ் வாசிக்கும் பலருக்கு மனதின் அடியில் இருக்கும் ஆசை இதுதான். எனக்கும் இருந்தது, இருக்கிறது. சுருதி வரிசை ஒன்றே, எழுதும் முறை ஒன்றே. ஆனால் உடம்புக்கு இது வேறு கருவி. பெரும்பாலோர் வாசிக்கும் 'முக்கால்' அளவிலேயே தந்தியின் நீளம் ஏறத்தாழ 41 அங்குலம். மின்சார பேஸில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று பழகியிருப்போம். இங்கே கழுத்தின் கீழ்ப்பகுதியில் சிமாண்டல் என்ற பழைய பாடமுறைப்படி 1, 2, 4 ஆகிய விரல்கள்தான் (ஆள்காட்டி, நடு, சுண்டு) அழுத்தும். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை நிற்கும். ஃப்ரெட் கிடையாது. விரல் பலத்தால் அழுத்தினால் சில நாட்களிலேயே கட்டைவிரல் அடியில் வலி தொடங்கும். கையின் எடையை இறக்கி அழுத்தத் தெரிய வேண்டும். அதை நேரில் பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும். மற்றக் கருவிகளை நீங்களே தட்டுத்தடுமாறிக் கற்கலாம், இதை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் பாருங்கள். வாங்குவதானால் முதலில் பலகைகளை ஒட்டிச் செய்த அடுக்குப்பலகை உடல் போதும். செதுக்கிய மரத்தைவிட வெடிப்பு விடுவது குறைவு. எடுத்துச் செல்ல வண்டி இருக்கிறதா, வீட்டில் யார் காலும் படாத மூலை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

சிறியவை

மேண்டலினில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. அதன் சுருதி ஜி-டி-ஏ-இ. பேஸின் இ-ஏ-டி-ஜி-யைத் தலைகீழாகப் படித்தால் அதுதான். எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டில் என்ன ஸ்வரம் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தந்திகள் அடுக்கியிருக்கும் வரிசைதான் புரண்டிருக்கிறது. நான்கு இரட்டைத் தந்திகள், சுமார் 14 அங்குல நீளம், ஒரு விரலுக்கு இரண்டு ஃப்ரெட். மெட்டு வாசிக்க ஏங்குகிறவருக்கு நான் சொல்லும் கருவி இது. லெட் செப்பெலின் குழுவில் பேஸும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் மேண்டலினையும் விடவில்லை.

உகுலேலேவுக்கு நான்கு தந்திகள் என்பதால் பேஸுக்கு நெருக்கம் என்று எண்ண வேண்டாம். ஜி-சி-இ-ஏ என்ற சுருதியில் முதலில் வரும் ஜி தாழ்ந்த ஸ்வரம் அல்ல. தந்திகள் மேலிருந்து கீழ் சீராக ஏறுவதில்லை. அடிஸ்வரத்தைத் தேடும் நம் காதுக்கு இது கொஞ்ச நாள் உறுத்தும். பாடுகிறவருக்குத் துணை வாசிக்க நல்ல கருவி.

காற்றுக் கருவிகள் மூச்சோடு வாக்கியம் அமைக்கக் கற்றுத்தரும். உதட்டின் பிடி ஓரிரு வாரம் விட்டாலே தளர்ந்துவிடும் என்பதால், தினமும் எடுக்க முடியாதவர்கள் தொட வேண்டாம்.

வாங்கும் நாள்

பேஸை விற்று இன்னொன்றை வாங்காதீர்கள். இதற்கு விதிவிலக்கு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கருவிக்குச் செலவழிக்காமல் வையுங்கள். உறை, தந்தி, சரிசெய்யும் கூலி எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். தந்திக் கருவியானால் கழுத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி, தலைப்பக்கத்திலிருந்து விளிம்பு வழியே பாருங்கள். மிகச் சிறிய வளைவு இயல்பு, முறுக்கு இருந்தால் வேண்டாம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசியுங்கள், அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் பலகையோடு ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கீபோர்டானால் எல்லா விசைகளையும் மெதுவாக ஒருமுறை, வலுவாக ஒருமுறை.

நான் வாங்கிய முதல் மேண்டலினில் மேல் ஃப்ரெட்டுகள் எல்லாம் சுருதி விலகியிருந்தன. விற்றவர் தந்தி மாற்றினால் சரியாகிவிடும் என்றார். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவு விலகியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. என் கையில் கோளாறு என்று நினைத்து நான்கு மாதம் பயிற்சியைக் கூட்டினேன். புதியவருக்குக் கெட்ட கருவி செய்யும் பெருங்கொடுமை இதுதான்: கருவியின் குற்றத்தை அவர் தன் குற்றமாக எடுத்துக்கொள்வார். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

நேரத்தைப் பங்கிடுதல்

ஒரு மணி நேரம் கிடைத்தால் நாற்பது நிமிடம் பேஸ், இருபது நிமிடம் புதியது. பேஸ் முதலில். மாற்றி வைத்தால் இருபது ஐம்பதாகும், பேஸ் உறையிலேயே தூங்கும். கிட்டாரோ மேண்டலினோ பழகுகிற காலத்தில் நிகழ்ச்சிக்கு முன் பதினைந்து நிமிடமாவது பேஸின் அகலமான கீழ் ஃப்ரெட்டுகளில் விரல்களை நடக்கவிடுங்கள். குறுகிய கழுத்துக்குப் பழகிய கை அரை ஃப்ரெட் குறைவாக நீளும்.

புதிய கருவியில் கற்ற ஒவ்வொன்றையும் அதே வாரத்தில் பேஸுக்குக் கொண்டுவாருங்கள். கீபோர்டில் நான்கு கார்டுகளைக் கைபேசியில் பதிவு செய்து, அதைப் போட்டுக்கொண்டு பேஸ் வாசியுங்கள். முதலில் அடிஸ்வரங்கள் மட்டும். மறுநாள் ஓர் இடத்தில் சி-க்குப் பதில் இ. உங்கள் வலது கை வாசித்த கார்டின் கீழே உங்கள் பேஸ் நகர்வதைக் கேட்பீர்கள். வீட்டில் உள்ளவரை அப்போது கூப்பிட்டு என்ன பாட்டு என்று கேட்டுப் பாருங்கள்.

அறுபது நாள் முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்தாலும், சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டாலும், இரவல் தந்தவரிடம் அதைச் சும்மா நீட்டாதீர்கள். தந்திக் கருவி என்றால் புதுத் தந்திகள் மாட்டி, இரண்டு நாள் விட்டு மறுபடி சுருதி சேர்த்து, கழுத்தில் படிந்த வியர்வையைத் துடைத்துக் கொடுங்கள். அடுத்த ஆசை வரும்போதும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.